பிந்தி வந்த ஆமென்

எங்கள் சபையில் ஜெபம் செய்ய ஓர் ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். புது வீடு, புது வண்டி, ஆபரேஷனுக்கு முந்தின நாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், எதுவானாலும் நான்தான். பாடகர் குழுவில் இருக்கிற குசும்பர்கள் எனக்கு மைக் அண்ணன் என்று பேர் வைத்திருந்தார்கள். கையில் கிடைத்த மைக்கை லேசில் விடமாட்டேன் என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் கோபம் இல்லை, சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வாரத்தில் ஆறு நாள் கிரீஸும் கையுமாக இருட்டுக் குழிக்குள் நிற்கிறவனுக்கு, ஏழாவது நாள் முந்நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு அவன் வாயிலிருந்து வரப்போகும் வார்த்தைக்காகக் காத்திருப்பது சாதாரண விஷயமா என்ன.

ஜெபத்தில் எனக்கு ஒரு கைப்பக்குவம் இருந்தது. தாழ்ந்த குரலில் ஆரம்பிப்பேன். முதலில் நன்றி, பிறகு பாவ அறிக்கை. 'நாங்கள் வெறும் தூசி' என்கிற இடத்தில் குரல் லேசாக உடையும், அதுவும் சரியான நேரத்தில் உடையும். பிறகு வியாதிக்காரர்கள், விதவைகள். கடைசியில் எல்லார் நெஞ்சையும் பிடித்து உலுக்குகிற மாதிரி ஒன்று. அது அமைந்துவிட்டால் சபை முழுக்க ஒரு பெருமூச்சு எழும். அந்தப் பெருமூச்சுக்காகத்தான் நான் ஜெபம் செய்துகொண்டிருந்தேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது.

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் ஒரு தையற்காரம்மா உட்காருவார். (இதை எழுதும்போது அவருடைய தொழிலை மாற்றித்தான் எழுதுகிறேன். தேடிப் போகிறவர்களுக்கு அவர் கிடைக்கமாட்டார்.) கணவர் இல்லை. ஒரே மகன், வெளிநாட்டில் வேலை என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மாவிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. முந்நூறு பேரும் ஆமென் சொல்லி முடித்து, இருமலும் நாற்காலி இழுக்கிற சத்தமும் ஆரம்பித்த பிறகு, அங்கிருந்து தனியாக ஓர் ஆமென் வரும். ஒரு மூச்சு பிந்தித்தான் வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிஸ்டருக்கு சிக்னல் வீக் என்று பாடகர் குழு கிண்டலடிக்கும்.

ஒரு புதன்கிழமை மாலைக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு விஷயத்துக்காக ஜெபம் பண்ணணும். மனசுக்குள்ளயே பண்ணுங்க. வெளிய வேண்டாம்."

"சொல்லுங்கம்மா."

"என் பையன் வெளிநாட்டுல இல்ல. ஜெயில்ல இருக்கான். ரெண்டு வருஷம் ஆகுது."

அவன் என்ன செய்தான் என்பதையும் சொன்னார். அவன் பெயரையும் சொன்னார், ஜெபத்துக்குப் பெயர் வேண்டும் அல்லவா என்று. சொல்லும்போது மடித்த நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என் வாயிலருந்து ஒரு வார்த்தை போகாதும்மா," என்றேன். அந்த நேரத்தில் அது சத்தியமாக மனதிலிருந்து வந்த பேச்சு. பதினோரு நாள் காப்பாற்றினேன்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. வெளியிலிருந்து ஒரு பெரிய போதகர் பேச வந்திருந்தார், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்கோ அன்றைக்கு ஜெபம் அமையவே இல்லை. தூசி என்ற இடத்தில் குரல் உடையவில்லை. வியாதிக்காரர்களைச் சொல்லும்போது யாரோ கொட்டாவி விட்டார்கள். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். (ஆமாம், பார்ப்பேன்.) பெரிய போதகர் கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். எனக்குள் ஏதோ பதறியது. வாய் தானாகப் போனது என்று சொன்னால் அது பொய். வாய்க்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்துதான் கொடுத்தேன்.

"ஆண்டவரே, தூர தேசத்தில் வேலை செய்கிறான் என்று நாங்கள் நினைத்திருக்கிற ஒரு மகன், இந்த நேரத்தில் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். தையல் மெஷினுக்கு முன்னால் கண்ணீர் விடுகிற அவன் தாயை நீர் அறிவீர். அந்த மகனை நினைத்தருளும்."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. சபையில் வேறு தையற்காரர் கிடையாது.

பெருமூச்சு எழுந்தது. அதுவரை நான் கேட்டதிலேயே பெரிய பெருமூச்சு. அது எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைத்தால் இந்தக் கதையை நான் சொல்வதில் அர்த்தமே இல்லை. முந்நூறு பேரும் ஆமென் என்றார்கள். பிறகு எல்லாம் அடங்கியது. இருமல்கூட இல்லை, எல்லாரும் அந்த ஜன்னல் பக்கம் காதை வைத்திருந்தார்கள்.

ஒரு மூச்சு கழித்து அது வந்தது. "ஆமென்."

நடுக்கமில்லாமல், எப்போதும் போலத்தான் வந்தது. நான் கண்ணைத் திறந்தபோது அவர் குனிந்து கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் சபைக்கு வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறக்கும்போது என் மனைவி கேட்டாள்.

"ஏங்க, அது அவங்க உங்களை நம்பிச் சொன்னதா?"

"ஜெபத்துலதான சொன்னேன்."

"மைக்குல சொன்னீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தொடங்கியது. சாப்பாட்டு மேசையில் வழக்கம்போல நாலு வார்த்தை நன்றி சொல்லி முடித்தேன். மனைவி ஆமென் என்றாள், நானும் சொன்னேன். ரொட்டியைக் கையில் எடுத்தேன். அப்போது, ஒரு மூச்சு பிந்தி, ஜன்னல் பக்கமிருந்து ஓர் ஆமென். ரொட்டி கையிலேயே நின்றது.

"கேட்டுச்சா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

அன்று மதியம் ஓர் ஆஸ்பத்திரியின் லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால், பழக்க தோஷத்தில், ஆண்டவரே காத்துக்கொள்ளும் என்று சொன்னேன். மேலே, எட்டு மாடி உயரத்து இருட்டிலிருந்து அது இறங்கி வந்தது. சத்தமாக இல்லை. என்னைத் திட்டவில்லை, அழவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டேன் என்பது போல ஒரே ஒரு ஆமென். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு விடவே இல்லை. எங்கே ஜெபம் செய்தாலும் முடிவில் நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன், அதுவும் வந்துவிடும். சபையில் மைக்கைப் பிடித்தால் சீக்கிரம் முடிக்கப் பார்த்தேன். வார்த்தைகளைக் குறைத்தேன். வாக்கியங்களுக்கு நடுவே பயத்தில் நின்று நின்று பேசினேன். வந்த வினையைப் பாருங்கள், சபைக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

"உங்க ஜெபத்துல இப்ப ஒரு ஆழம் தெரியுது பிரதர்," என்றார் எங்கள் போதகர். "அந்த அமைதியெல்லாம் ஆவியானவர் குடுக்கறது."

அடுத்த மாதமே மூப்பர் பொறுப்புக்கு என் பெயரைச் சொன்னார்கள். போதகருக்கு அடுத்த இடம். பதினைந்து வருடமாக நான் ஆசைப்பட்ட இடம், வாய்விட்டுக் கேட்காமல் ஆசைப்பட்ட இடம். தலையில் கைவைத்து ஜெபித்து என்னை அந்தப் பொறுப்பில் அமர்த்துகிற அன்று முழு சபையும் ஆமென் சொல்லும். அதற்குப் பிறகும் ஒன்று வரும். அதை வைத்துக்கொண்டு அந்த மேடையில் நான் எப்படி நிற்பது? அது ஓய வேண்டும், இல்லாவிட்டால் நான் வாயை மூட வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாக வந்தது, ரொம்பவே நன்றாக வந்தது. படுக்கையறைக் கண்ணாடி முன்னால் படித்துப் பார்த்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டே முழுசும் கேட்டாள்.

"எந்த எடத்துல அழுவீங்க? ரெண்டாம் பக்கம் ஆரம்பத்துலயா?"

"விளையாடாதே. நான் மனசு உடைஞ்சு எழுதியிருக்கேன்."

"அவங்களக் கேட்டீங்களா?"

"யாரை?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். போய்க் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவர் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் என் பொறுப்பில்தான் இருந்தது. நடந்ததற்கு அடுத்த வாரமே அதை என் கூட வேலை செய்கிறவன் தலையில் கட்டிவிட்டேன்.

அவன் இடுப்புப் பிடித்துக்கொண்டு லீவு போட்ட ஒரு மதியம், ஆபீஸிலிருந்து போன் வந்தது. அந்தக் கட்டடம்தான். லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறது, பக்கத்தில் இருப்பது நீங்கள் ஒருவர்தான் என்றார்கள்.

வாசலில் காவலாளி பதறிக்கொண்டு நின்றார். "தையற்காரம்மா சார். முக்கால் மணி நேரமா உள்ள இருக்காங்க. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்குது."

எங்கள் வேலையில் முதல் விதி ஒன்று உண்டு. கருவியைத் தொடுவதற்கு முன்னால் உள்ளே இருக்கிறவரிடம் பேச வேண்டும். பயப்படாதீர்கள், கதவைத் தள்ளாதீர்கள், ஆள் வந்தாயிற்று என்று சொல்ல வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. வாயைத் திறந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். திருட்டுப் பூனை மாதிரி படியேறி, மூன்றாம் மாடியைத் தாண்டி மோட்டார் அறைக்குப் போய்விடப் பார்த்தேன். லிஃப்ட் கதவருகே வரும்போது உள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"யாராவது வந்திருக்கீங்களா?"

அந்தக் குரலில் பயம் இருந்தது. நான் நின்றேன்.

"வந்திருக்கேம்மா. பயப்படாதீங்க. கதவத் தள்ளாதீங்க."

"மைக் அண்ணனா?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"ஆமாம்மா."

அதற்குமேல் உள்ளே சத்தமில்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. மூடிய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். "அம்மா, அன்னிக்கு நான் செஞ்சது மன்னிக்கவே முடியாத பாவம். ஒரு தாயோட கண்ணீர நான் என் பெருமைக்கு..." எழுதி வைத்த தாளின் முதல் பக்கம் அப்படியே வந்துகொண்டிருந்தது. குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தும்விட்டது.

"அண்ணே," என்றார் அவர் உள்ளிருந்து. "முதல்ல கதவத் திறங்க. எனக்கு மூச்சு முட்டுது."

என் காது மடல்கள் சுட்டன. அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தவரை எழுந்து போக முடியாதபடி வைத்துப் பேசினேன். இன்றைக்குப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவரிடம் பேசுகிறேன். நான் மாறவே இல்லை என்பது அந்தக் கதவடியில்தான் எனக்கு உறைத்தது.

ஓடினேன். மோட்டார் அறையில் மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைக் கையால் விடுவித்து, சக்கரத்தைச் சுற்றினேன். பழைய மெஷின், அரை அடி ஏற்றுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. வாய் மட்டும் சும்மா இருந்தது. மூன்றாம் மாடிக்குச் சரியாக வந்துவிட்டதென்று காவலாளி கீழேயிருந்து கத்தினார். இறங்கி வந்து முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன்.

துணி மூட்டையை அணைத்துக்கொண்டு அவர் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கீழே போனார். நான் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன்.

தண்ணீர் முழுக்கக் குடித்த பிறகுதான் பேசினார். "அன்னிக்கு வெளிய போயி கேட் கிட்ட வாந்தி எடுத்தேன்."

"தெரியாதும்மா."

"நீங்க உள்ள இருந்தீங்க."

"அப்ப ஏம்மா ஆமென் சொன்னீங்க?" நான்கு மாதமாக என்னைத் தின்றுகொண்டிருந்த கேள்வி, வாயிலிருந்து விழுந்துவிட்டது.

அவர் யோசித்தார். "நான் எப்பவும் லேட்டாத்தான சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. என்ன கேட்டாங்க, அதுக்கு நான் ஆமென் சொல்லலாமான்னு பாத்துட்டுத்தான் சொல்லுவேன். அன்னிக்கும் பாத்தேன். என் பையன நினைச்சருளும்னு ஒரு ஆளு ஆண்டவர்கிட்ட கேட்டிருக்காரு. கேட்ட வாய் எதுவா இருந்தா என்ன. பெத்தவ நான் எப்படி ஆமென் சொல்லாம விடறது?"

எனக்கு அழுகை வந்தது. இந்த முறை எந்த இடத்தில் வர வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. மூக்கெல்லாம் ஒழுகி அசிங்கமாக அழுதேன்.

"மன்னிச்சிருங்கம்மா."

"அதையும் யோசிச்சுத்தான் சொல்லணும்," என்றார். "இப்ப சொன்னா வாய் வார்த்தையாப் போயிரும்."

"சபையில எல்லார் முன்னாடியும் நான் மன்னிப்பு..."

"வேண்டாம்." முதல் தடவையாக அவர் குரல் தடித்தது. "மறுபடியும் என்னை மேடை ஏத்தாதீங்க. நான் உங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. மனசுக்குள்ள ஜெபம் பண்ணுங்கன்னு கேட்டேன். அத நீங்க இன்னும் ஒரு தடவகூடச் செய்யல இல்ல?"

இல்லை. பதினோரு நாளில் ஒரு தடவைகூட நான் அவனுக்காகத் தனியாக ஜெபித்திருக்கவில்லை. என் ஜெபம் முதன்முதலில் அவனைத் தொட்டதே மைக்கில்தான். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மூப்பர் பொறுப்பு வேண்டாம் என்று போதகரிடம் சொன்னேன். மைக்கும் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். சொன்னால் அந்த அம்மாவின் கதையைத் தொட வேண்டியிருக்கும், அதனால் தகுதி இல்லை என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. ஞாயிறன்று போதகர் அதையே மேடையில் ஒரு உதாரணமாக எடுத்துவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு தாழ்மையா என்று முந்நூறு தலைகள் என் பக்கம் திரும்பின. நான் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். எழுந்து மறுக்கவும் முடியாது.

"தாழ்மைக்கு ஒரு கோப்பை குடுத்தா அதையும் நீங்கதான் வாங்கிட்டு வருவீங்க போல," என்றாள் மனைவி. ஆனாலும் அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

இன்னொன்றும் நடந்தது. அந்தப் படிக்கட்டு நாளுக்குப் பிறகு பிந்தி வரும் ஆமென் நின்றுபோனது. நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சாப்பாட்டு மேசையில் நன்றி சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். ஜன்னல் பக்கம் ஒன்றுமே இருக்காது. அதுவரை யாரோ ஒருவர் என் ஜெபத்தைக் கேட்டுக்கொண்டாவது இருந்தார். இப்போது அதுவும் இல்லாமல், சொன்னதெல்லாம் கூரையில் முட்டிக் கீழே விழுவது போல இருந்தது. முன்னைவிட அதிகமாகப் பயந்தேன்.

மனதுக்குள் ஜெபிப்பது சுலபம் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு அது வரவே இல்லை. அந்த அம்மாவின் மகன் பெயரை நினைத்துக் கண்ணை மூடினால், வார்த்தைகள் சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு வந்து நிற்கும். 'சிறைவாசிகளின் தேவனே' என்று உள்ளுக்குள் ஒரு குரல் ஏற்ற இறக்கத்தோடு ஆரம்பிக்கும். யாரும் இல்லாத இடத்திலும் முந்நூறு பேரை நானே உட்காரவைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் பாதியில் வெட்கப்பட்டு நிறுத்தினேன்.

அந்தக் கட்டடத்தை மறுபடியும் என் பொறுப்பில் வாங்கிக்கொண்டேன். மாதம் ஒருமுறை போவேன். அவர் அந்த நாளிலிருந்து லிஃப்டில் ஏறுவதே இல்லை என்று காவலாளி சொன்னார். மூட்டையோடு மூன்று மாடியும் நடைதான். முதல் மாதம் படியில் எதிர்ப்பட்டபோது, "இன்னும் யோசிச்சிட்டுத்தான் இருக்கேன் அண்ணே," என்றார். சரிம்மா என்றேன். இரண்டாம் மாதமும் அதேதான். மூன்றாம் மாதம் தலையை மட்டும் அசைத்தார்.

நான்காம் மாதம் நான் வேலையை முடித்து, கீழ்த்தளத்தில் லிஃப்டை ஓட்டிப் பார்ப்பதற்காக நின்றிருந்தேன். அவர் இரண்டு மூட்டைகளோடு வந்தார். படிப்பக்கம் திரும்பியவர் நின்றார்.

"ஓடுதா?"

"ஓடுதும்மா."

"நீங்களே பாத்தீங்களா?"

"நானேதான் பாத்தேன்."

திறந்திருந்த பெட்டிக்குள் பார்த்தார். நான் கதவு மூடாமல் காலை வைத்துத் தடுத்துக்கொண்டு நின்றேன். கயிறு புதுசு, பிரேக் புதுசு, என்னை நம்பலாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் எவ்வளவு நேரம் யோசித்தார் என்று தெரியவில்லை. என் கால் மரத்துப்போனது. பிறகு ஒரு மூட்டையை உள்ளே வைத்தார். அடுத்ததை வைத்தார். தானும் ஏறினார்.

நானும் ஏறி மூன்றை அழுத்தினேன். எங்களுக்கு நடுவே மூட்டைகள் இருந்தன. நான் பொத்தான்களைப் பார்த்தபடி நின்றேன். ஒன்றைத் தாண்டி, இரண்டைத் தாண்டி, அன்றைக்குப் பெட்டி நின்ற இடம் வந்தது. பக்கத்தில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. அப்போது எனக்குள் அவன் பெயர் வந்தது. வெறும் பெயர். அதற்கு முன்னால் ஆண்டவரே என்று ஒரு சொல். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை, தேடவும் தோன்றவில்லை. உதடுகூட அசையவில்லை.

மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. அவர் மூட்டைகளை எடுத்துக்கொண்டு இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. கதவு மூடிக்கொண்டது, நான் மட்டும் உள்ளே நின்றேன்.

ஒரு மூச்சு கழித்து அது கேட்டது. "ஆமென்."

கதவுக்கு வெளியே அந்த அம்மா சொன்னதா, நான்கு மாதம் என் பின்னாலேயே அலைந்தது திரும்பி வந்ததா, தெரியவில்லை. கதவைத் திறக்கிற பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் கதவைத் திறந்து பார்க்கவில்லை.